கியோம் டுசேன்

கியோம் பெஞ்சமின் அமாண்ட் டுசேன் (செப்டம்பர் 17, 1806 – செப்டம்பர் 15, 1875) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் நரம்பியல் ஆய்வாளரும் ஆவார். உயிருள்ள மனிதரின் தசைகளைத் தோலுக்கு மேலிருந்தே மின்னோட்டத்தால் தனித்தனியாகத் தூண்டி, ஒவ்வொரு தசையும் செய்யும் வேலையைக் கண்டறிந்தவர் இவர். முதுகின் மேலடுக்குத் தசைகளும் தோள் தசைகளும் எவ்வாறு சேர்ந்து இயங்குகின்றன என்பது குறித்த இன்றைய அறிவில் பெரும்பகுதி இவருடைய ஆய்விலிருந்து தொடங்குகிறது. சிறுவர்களைத் தாக்கும் டுசேன் தசைச்சிதைவு நோய் இவர் பெயரையே தாங்கியுள்ளது. எடுவார் அடோல்ஃப் டுசேன் என்ற மற்றொரு பாரிசு மருத்துவரோடு தம்மைக் குழப்பிக்கொள்ளாதிருக்க, சொந்த ஊரின் பெயரைச் சேர்த்து டுசேன் டி பூலோன் என்று கையொப்பமிட்டு வந்தார். மருத்துவ நூல்களில் இப்பெயரே மிகுதியாகக் காணப்படுகிறது.

இளமையும் கல்வியும்

டுசேன் பிரான்சின் வடகரையில் உள்ள பூலோன்-சுர்-மேர் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். இவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கடலை நம்பி வாழ்ந்த குடும்பம். தந்தை நெப்போலியன் காலப் போர்களில் கப்பல் தலைவராக இருந்தவர். மகனும் கடலுக்கே செல்லவேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ அறிவியலில் நாட்டம் இருந்தது. தூவே நகரில் பள்ளிக் கல்வியை முடித்துப் பட்டம் பெற்ற டுசேன், மருத்துவம் படிக்கப் பாரிசு சென்றார். இதயத்துடிப்புமானியைக் கண்டுபிடித்த லேன்னெக், அறுவை மருத்துவர் டுபுய்த்ரன், நோயியல் உடற்கூற்றியலாளர் குருவேய் ஆகியோர் அப்போது அங்கே கற்பித்துவந்தனர். 1831 ஆம் ஆண்டு தீக்காயங்கள் பற்றிய ஆய்வேட்டை அளித்து மருத்துவரானார்.

இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்ததும் இதே 1831 ஆம் ஆண்டில்தான். டுசேனின் வாழ்க்கைப் பணி முழுவதும் பின்னாளில் அந்தக் கண்டுபிடிப்பின் மீதே அமைந்தது.

பூலோனில் நேர்ந்த இழப்பு

படிப்பு முடிந்தவுடன் பாரிசில் தங்காமல் ஊர் திரும்பிய டுசேன், அங்கேயே மருத்துவத் தொழிலைத் தொடங்கித் திருமணமும் செய்துகொண்டார். 1833 இல் மகன் எமீல் பிறந்தான். பிள்ளைப்பேற்றைத் தொடர்ந்த காய்ச்சலில் மனைவி இறந்துபோனார். நுண்ணுயிர்கள் பற்றிய அறிவு தோன்றாத அக்காலத்தில் பேறுகாலக் காய்ச்சல் ஏராளமான தாய்மாரைக் கொன்ற நோயாகும். ஆனால் பேறு பார்க்க உடனிருந்தவர் கணவர் மட்டுமே என்பதைச் சுட்டி, மனைவியின் வீட்டார் பழியை அவர் மீதே போட்டனர். குழந்தையையும் தாய்வழி உறவினர் எடுத்துச்சென்று வளர்த்தனர். தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஏற்பட்ட இப்பிரிவு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது. சிறிய ஊரில் பரவிய பேச்சு மருத்துவரின் தொழிலையும் பாதித்தது. 1839 இல் செய்துகொண்ட இரண்டாவது திருமணமும் நிலைக்கவில்லை.

இந்தச் சோர்வான ஆண்டுகளில்தான் இவர் மின்சாரத்தின் பக்கம் திரும்பினார். தோலுக்குள் மெல்லிய ஊசிகளைச் செலுத்தி அவற்றின் வழியே மின்னோட்டம் பாய்ச்சும் மருத்துவமுறை அக்காலப் பிரான்சில் வழக்கில் இருந்தது. 1835 அளவில் நரம்பு வலியால் வருந்திய ஒரு நோயாளிக்கு டுசேனும் அதனைச் செய்து பார்த்தார். ஊசி குத்திய இடத்துக்கு அருகில் இருந்த தசை மட்டும் சுருங்குவதை அவர் கவனித்தார். வலி தீர்ந்ததா என்பதை விட, ஒரே ஒரு தசையைத் தனியே இயக்க முடிகிறது என்பதே அவருக்கு முதன்மையாகத் தோன்றியது.

பாரிசில்

1842 இல் டுசேன் மீண்டும் பாரிசுக்கு வந்தார். அங்கே அவருக்கு மருத்துவமனைப் பதவி எதுவும் இல்லை. பல்கலைக்கழகப் பதவியும் இல்லை. இறுதிவரை அந்நிலை மாறவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு நாள் காலையிலும் மின்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகரின் பெரிய மருத்துவமனைகளுக்குச் செல்வார். படுக்கை படுக்கையாகச் சென்று நோயாளிகளிடம் விரிவாகக் கேள்விகள் கேட்பார், தசைகளைத் தூண்டிப் பார்ப்பார், குறிப்பெடுப்பார். ஒரு நோயாளி வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டால் அங்கேயும் தேடிச் செல்வார். கரையோர ஊர்ப்பேச்சும் கூச்சமும் கொண்ட இந்த வெளியூர் மருத்துவரை இளம் மருத்துவர்கள் கேலி செய்தனர். சில மருத்துவமனைகளில் அவருக்கு வரவேற்பும் கிடைக்கவில்லை. சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய சார்க்கோ போன்ற சிலரே அவருடைய பணியின் மதிப்பை உணர்ந்திருந்தனர். பிற்காலத்தில் உலகப்புகழ் பெற்ற சார்க்கோ, நரம்பியலில் தம் ஆசான் டுசேனே என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தார்.

பதவி இல்லாதது ஒருவகையில் அவருக்கு உதவியது எனலாம். ஒரு மருத்துவமனையில் பணியிலிருப்பவர் அங்கு வரும் நோயாளிகளை மட்டுமே காண்பார். டுசேனோ நகரின் எல்லா மருத்துவமனைகளிலும் சிதறிக்கிடந்த அரிய நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் ஆண்டுக்கணக்கில் பின்தொடரவும் முடிந்தது.

ஓரிட மின்தூண்டல்

ஊசி இல்லாமலே தசையைத் தூண்டும் வழியைக் கண்டறிந்ததே டுசேனின் முதல் பெரும் சாதனை. உலர்ந்த மின்முனையை வைத்தால் மின்னோட்டம் தோலிலேயே தங்கி எரிச்சலைத் தருகிறது. முனையை ஈரமான பஞ்சு அல்லது தோலுறையால் மூடித் தோலையும் நனைத்துவிட்டால் அது உள்ளே சென்று கீழுள்ள தசையைச் சுருக்குகிறது. இரு முனைகளையும் ஒரே தசையின் மேல் நெருக்கமாக வைத்தால் அத்தசை மட்டுமே இயங்கும். மின்கலத்திலிருந்து நேரடியாக வரும் மின்னோட்டம் தோலைப் புண்ணாக்கக் கூடியது. எனவே தூண்டுசுருளில் உண்டாகும் விட்டுவிட்டு வரும் மின்னோட்டத்தையே பயன்படுத்தினார். பாரடேயின் பெயரால் இம்முறைக்குப் பாரடேயாக்கம் என்று பெயரிட்டவரும் இவரே. இம்முறையை விளக்கும் நூலை 1855 இல் வெளியிட்டார். அதன் விரிவாக்கப்பட்ட பதிப்புகள் 1861 இலும் 1872 இலும் வெளிவந்தன.

தோள், முதுகுத் தசைகள் பற்றிய ஆய்வு

டுசேனுக்கு முன்பே தசைகளின் வடிவமும் இருப்பிடமும் நன்கு அறியப்பட்டிருந்தன. 1543 இல் வெசாலியசும் 1747 இல் அல்பினசும் வெளியிட்ட படங்களில் முதுகுத் தசைகள் அடுக்கடுக்காக உரித்துக் காட்டப்பட்டுள்ளன. ஆனால் ஒரு தசை செய்யும் வேலை, அது எந்த எலும்பில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கொண்டு ஊகிக்கப்பட்டே வந்தது. இறந்த உடலில் தசையை இழுத்துப் பார்த்தும் சொல்லினர். தசைநார்கள் எல்லாம் ஒரே திசையில் செல்லும் சிறிய தசைகளுக்கு இந்த ஊகம் ஓரளவு பொருந்தும். தோளுக்கு அது போதாது.

தோள்பட்டை எலும்பின் அமைப்பே இதற்குக் காரணம். முதுகில் கிடக்கும் இந்தத் தட்டையான முக்கோண எலும்பு விலா எலும்புகளோடு மூட்டு எதனாலும் இணைக்கப்படவில்லை. காறை எலும்பின் வழியாக மட்டுமே உடலின் நடு எலும்புக்கூட்டோடு அதற்கு எலும்புத் தொடர்பு உண்டு. மற்றபடி அதனைத் தாங்கிப் பிடிப்பவை தசைகளே. முதுகின் தோலை நீக்கியவுடன் முதலில் தெரிவது டிரப்பீசியசு எனப்படும் சரிவகத் தசை. பிடரி எலும்பிலும் கழுத்தின் பின்புறத்திலும் தொடங்கி, மார்பு முள்ளெலும்புகளில் கடைசியானது வரை நடுக்கோட்டில் நீண்டு, காறை எலும்பின் வெளிப்பகுதியிலும் தோள்பட்டை எலும்பின் முகட்டிலும் சென்று சேர்கிறது. அதன் கீழே இடுப்பு வரை பரவி, அக்குளைச் சுற்றி மேற்கை எலும்பின் முன்புறத்தை அடைவது அகன்ற முதுகுத் தசை. சரிவகத் தசைக்கு அடியில் தோள்பட்டை உயர்த்தித் தசையும் சாய்சதுரத் தசைகளும் உள்ளன. விலாக்களின் பக்கத்திலிருந்து வந்து, தோள்பட்டை எலும்பின் அடிப்புறமாகச் சென்று, அதன் உள் விளிம்பைப் பற்றிக்கொள்வது முன் இரம்பத் தசை. இத்தனை பேர் ஒரே எலும்பை இத்தனை திசைகளில் இழுக்கும்போது, எவர் பங்கு எவ்வளவு என்பதைப் பிணத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது.

டுசேன் சரிவகத் தசையின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியாகத் தூண்டினார். உடற்கூற்று நூல்களில் ஒரே பெயரில் வழங்கும் இத்தசை செயலளவில் ஒன்றல்ல என்பது தெரியவந்தது. காறை எலும்பைச் சேரும் மேற்பகுதி தலையை அதே பக்கம் சாய்த்து, முகத்தை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. நடுப்பகுதி தோளின் நுனியை மேலே தூக்குகிறது. கீழ்ப்பகுதி தோள்பட்டை எலும்பின் உள் விளிம்பை முதுகுத்தண்டை நோக்கியும் கீழ்நோக்கியும் இழுக்கிறது. இந்த முடிவுகளை, அப்பகுதிகளில் ஒன்று மட்டும் மெலிந்துபோன நோயாளிகளோடு அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். நடுப்பகுதி அழிந்தவர்களுக்குத் தோள் தொங்கிப்போயிருந்தது. மின்தூண்டல் தசை என்ன செய்யும் என்பதைக் காட்டியது, நோய் அத்தசை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது. இரண்டும் ஒத்துவந்தால் மட்டுமே அவர் ஒரு முடிவை ஏற்றார். இந்த இரட்டைச் சான்று முறையே டுசேனின் உண்மையான பங்களிப்பு. மின்பெட்டி அதற்கான கருவி மட்டுமே.

படிப்படியாகத் தசைகள் மெலியும் நோயில் சரிவகத் தசையின் மேற்பகுதி மட்டும் மற்றவை அழிந்த பின்னும் நெடுநாள் பிழைத்திருப்பதை அவர் கண்டார். கடைசியாக இறப்பது என்று பொருள்படும் இலத்தீன் பெயரை அப்பகுதிக்குச் சூட்டினார். ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது இப்பகுதியும் சேர்ந்து இயங்குவதை அவர் குறிப்பிட்டுள்ளார். மூச்சுத்திணறும் நோயாளியின் தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் உயர்வதை இன்றும் மருத்துவர்கள் கவனிக்கின்றனர்.

கையை உயர்த்துவது பற்றிய ஆய்வு மேலும் சுவையானது. தோளைக் குல்லாய் போல மூடியிருக்கும் டெல்ட்டாத் தசையே கையைத் தூக்குகிறது என்பது பொதுவான எண்ணம். டுசேன் அத்தசையை மட்டும் தூண்டியபோது கை கிடைமட்ட அளவுக்கு மேல் செல்லவில்லை. அதோடு தோள்பட்டை எலும்பு நிலைபெயர்ந்து, அதன் உள் விளிம்பு முதுகிலிருந்து விலகி எழுந்தது. இயல்பாகக் கை தூக்கும்போது இவ்வாறு நேர்வதில்லை. அப்போது முன் இரம்பத் தசையும் உடன் சுருங்கி எலும்பை மார்புக்கூட்டோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, அதே வேளையில் எலும்பைச் சுழற்றிக் கை தலைக்கு மேலே செல்லவும் வழிவிடுகிறது. முன் இரம்பத் தசை செயலிழந்த நோயாளி கையை முன்னோக்கி உயர்த்தினால் தோள்பட்டை எலும்பு சிறகு போல முதுகில் புடைத்து நிற்கும். கை தொங்கவிடப்பட்டிருக்கும்போது இக்குறை எளிதில் புலப்படாது. ஆகவே நோயாளியைக் கையை உயர்த்தச் சொல்லியே சோதிக்கவேண்டும். சுவரைத் தள்ளச் சொல்லிப் பார்க்கும் இன்றைய சோதனையும் இதே அடிப்படையில் அமைந்தது. டெல்ட்டாத் தசை முழுதும் செயலிழந்த சிலர் தோள்பட்டை முகட்டுக்கு மேலுள்ள சிறிய தசையின் துணையால் கையை ஓரளவு விலக்கித் தூக்க முடிவதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

இவற்றிலிருந்து டுசேன் அடைந்த முடிவு, எந்தத் தசையும் இயற்கையில் தனியாக வேலை செய்வதில்லை என்பதாகும். தனியாக இயக்குவது சோதனையாளர் செய்யும் செயற்கைச் செயலே. உடல் எப்போதும் பல தசைகளைக் கூட்டாகவே ஏவுகிறது. கையைத் தூக்கவேண்டும் என்று நினைப்பவர் தம் தோள்பட்டை எலும்பைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று நினைப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இவ்வாய்வுகளைத் தொகுத்து இயக்கங்களின் உடலியங்கியல் என்னும் பெருநூலை 1867 இல் வெளியிட்டார். தோளும் கையுமே அந்நூலின் முதற்பகுதியாக அமைந்துள்ளன. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்நூல் பயன்பாட்டில் இருந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1949 இல் வெளிவந்தது.

இந்த அறிவை அவர் மருத்துவத்துக்கும் பயன்படுத்தினார். செயலிழந்த தசை இருக்குமிடத்தில் சுருள்வில்லைப் பொருத்தி, அத்தசை இழுக்கும் திசையிலேயே அது இழுக்குமாறு துணைக்கருவிகளை வடிவமைத்தார்.

கடினமான மகப்பேற்றில் குழந்தையின் தோள் இழுபட்டு ஒரு கை செயலற்றுப்போவதையும் அவர் விவரித்தார். குழந்தைகள் வெவ்வேறாயினும் டெல்ட்டாத் தசையும் அதனைச் சார்ந்த அதே சில தசைகளுமே பாதிக்கப்பட்டிருந்தன. செருமானிய மருத்துவர் வில்லெம் எர்ப் 1874 இல் இதற்குக் காரணமான நரம்பு இடத்தைச் சுட்டிக்காட்டினார். இது எர்ப்-டுசேன் வாதம் எனப்படுகிறது.

தசைச்சிதைவு நோய்

1861 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு சிறுவனின் நோயை டுசேன் விவரித்தார். கெண்டைக்கால் தசைகள் பருத்து வலிமையானவை போலத் தோன்றியும் சிறுவனால் சரிவர நடக்க முடியவில்லை. மூளைக் கோளாறே காரணம் என்று அப்போது டுசேன் கருதினார். பின்னர் மேலும் பல குழந்தைகளைக் கண்டு, 1868 இல் பதின்மூன்று நோயாளிகளைப் பற்றிய விரிவான கட்டுரையை வெளியிட்டார். இதற்கிடையே உயிருள்ளவரின் உடலிலிருந்து சிறு தசைத் துணுக்கை எடுக்கும் ஊசிக் கருவி ஒன்றை உருவாக்கியிருந்தார். இறப்புக்குப் பிறகே திசுவைப் பார்க்க முடிந்த காலம் அது. நுண்ணோக்கியில் பார்த்தபோது, பருத்த தசையில் தசைநார்கள் குறைந்து அவற்றினிடையே இணைப்புத் திசுவும் கொழுப்பும் நிறைந்திருப்பது தெரிந்தது. நோய் இருப்பது தசையில்தான் என்று தம் முந்தைய கருத்தைத் திருத்திக்கொண்டார்.

இந்நோயை முதலில் கண்டவர் டுசேன் அல்லர். இங்கிலாந்தின் எட்வர்டு மெரியன் 1852 இலேயே சிறுவர்களிடம் இதனை விவரித்து, நோய் தசையிலேயே உள்ளது என்றும் கூறியிருந்தார். பெயர் டுசேனுக்குச் சென்றது மெரியனுக்கு நேர்ந்த குறையே. நோயின் காரணத்தை அறிய மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. எக்சு நிறப்புரியிலுள்ள மரபணு 1980களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டது. அது உருவாக்கும் புரதத்துக்கு டிசுட்ரோபின் என்று பெயரிடப்பட்டது. தாயிடமிருந்து வரும் எக்சு நிறப்புரியில் குறையிருப்பின் ஆண் குழந்தைக்கு ஈடுசெய்ய இன்னொன்று இல்லாததால், இந்நோய் பெரும்பாலும் சிறுவர்களையே தாக்குகிறது.

முகத்தசைகளும் ஒளிப்படங்களும்

பொதுமக்களிடையே டுசேனின் பெயர் அறியப்படுவது முகத்தசை ஆய்வினால்தான். 1862 இல் வெளியான நூலில், மின்முனைகளால் முகத்தில் உணர்ச்சிகளை வரவழைத்து எடுத்த ஒளிப்படங்களைச் சேர்த்தார். தொடக்கத்தில் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் நாடாரின் தம்பி ஏட்ரியன் தூர்னாசோன் இவருக்கு உதவினார். பல படங்களில் காணப்படும் பல்லில்லா முதியவருக்கு முகத்தோலில் உணர்ச்சி குறைவு என்பதால் மின்தூண்டல் வலிக்கவில்லை என்று டுசேன் விளக்கியுள்ளார். ஆயினும் இப்படங்கள் இன்றைய பார்வையாளருக்கு உறுத்தலையே தருகின்றன. நோயாளியின் ஒப்புதல் பற்றிய இன்றைய நெறிகள் அன்று இல்லை.

உண்மையான சிரிப்பில் வாய்க்கோடியை இழுக்கும் தசையோடு கண்ணைச் சூழ்ந்த தசையும் சுருங்குகிறது, போலிச் சிரிப்பில் கண்தசை சேர்வதில்லை என்று அவர் கூறினார். மனமகிழ்ச்சியால் வரும் சிரிப்பை உளவியலாளர்கள் டுசேன் சிரிப்பு என்கின்றனர். சார்லசு டார்வின் 1872 இல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றிய நூலில், டுசேனின் இசைவுடன் இப்படங்களில் சிலவற்றைப் பயன்படுத்திக்கொண்டார்.

இறுதிக்காலம்

1860களில் எமீல் தந்தையிடம் திரும்பிவந்தார். அவரும் மருத்துவராகி, குழந்தைகளைத் தாக்கும் இளம்பிள்ளை வாதம் பற்றித் தந்தையின் வழியில் ஆய்வு செய்தார். இந்த இணைவு நீடிக்கவில்லை. பிரெஞ்சு-புருசியப் போரை ஒட்டிய ஆண்டுகளில் எமீல் இறந்துபோனார். அதன் பிறகு டுசேன் பெரிய நூல் எதையும் புதிதாக எழுதவில்லை. 1872 இல் வந்தது முன்னைய நூலின் மூன்றாம் பதிப்பே. 1875 செப்டம்பர் 15 அன்று, அறுபத்தொன்பது வயது நிறைய இரண்டு நாட்கள் இருக்கையில், மூளையில் ஏற்பட்ட குருதிக்கசிவால் பாரிசில் காலமானார்.

தம் ஒளிப்படங்களை அவர் பாரிசின் நுண்கலைப் பள்ளிக்கு அளித்திருந்தார். ஓவியமும் சிற்பமும் பயிலும் மாணவர்கள் தசைகளைப் புரிந்துகொள்ள அவை பயன்பட்டன. சால்பெத்ரியேர் மருத்துவமனையில் 1897 இல் இவருக்கு நினைவுச்சின்னம் அமைக்கப்பட்டது. நோயாளி ஒருவரைச் சோதிக்கும் தோற்றத்தில் இவர் அதில் செதுக்கப்பட்டுள்ளார். பூலோன்-சுர்-மேர் நகரின் மருத்துவமனை இவருடைய பெயரைக் கொண்டுள்ளது.